சுட்ட அன்றே தண்ணீர்

பிரெஞ்சு ராணுவத்தில் பணி முடித்துப் புதுச்சேரிக்கே திரும்பிவிட்ட சொல்தா வீட்டுக்காரன் நான். சர்வீஸ் முடிந்த பிறகும் பல வருடம் அங்கேயே வேலை பார்த்தேன். அந்தக் காலத்தில்தான் கருமருந்து ரிவால்வர்கள் மேல், அதாவது உருளையின் அறைகளில் மருந்தையும் ஈயக் குண்டையும் தனித்தனியாகக் கெட்டித்துச் சுடும் பழைய பாணிக் கைத்துப்பாக்கிகள் மேல், பிடிப்பு வந்தது. அங்கே வாங்கிய இரண்டும் இப்போது பாரிஸை ஒட்டிய சார்செலில் இருக்கும் என் மகனிடம் இருக்கின்றன. இங்கே என் கையில் ஒன்றும் கிடையாது. தெரிந்த பையன்கள் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்கள்: "அங்க லைசென்ஸே வேணாமாமே, ஒண்ணு எடுத்துட்டு வந்திருக்கலாமே அங்கிள்?"

முதலில் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நான் வாங்கிய காலத்தில் பிரான்சில் இவை 'டி' பிரிவு ஆயுதங்கள். பதினெட்டு வயது நிரம்பியவர் அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாம், வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அங்கேயும் இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் நடக்க முடியாது. கிளப்புக்கு எடுத்துப்போவதானாலும் பெட்டிக்குள், மருந்து இல்லாமல்தான் போக வேண்டும். சட்டம் அவ்வப்போது மாறும், அதனால் அங்கே இருக்கும் நம் பிள்ளைகள் வாங்கும்முன் பிரிஃபெக்சரில் (மாவட்ட அரசு அலுவலகத்தில்) கேட்டுக்கொள்வது நல்லது. இந்தியாவில் கதையே வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் பழைய பாணி ஆயுதத்துக்கும் தொல்பொருள் மதிப்புள்ளதற்கும் ஒரு விலக்கு உண்டு. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது சுடவே முடியாததாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இத்தாலியில் புதிதாகச் செய்து, பெட்டியிலிருந்து எடுத்ததும் சுடக்கூடிய ரிவால்வர் அதில் எப்படி அடங்கும்? உரிமம் இல்லாமல் அதை மீனம்பாக்கத்தில் இறக்கினால் நேராக வழக்குத்தான். பழைய மாடல், நகல், பொம்மை மாதிரி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

என்னிடம் இருந்தவை இரண்டு. ஒன்று 1851 நேவி கோல்ட்டின் நகல், .36 காலிபர். மற்றது எல்லோரும் '1858 ரெமிங்டன்' என்று சொல்லும் .44. உண்மையில் 1858 செப்டம்பர் 14 என்பது குழலில் பொறித்திருக்கும் காப்புரிமைத் தேதி. அந்த மாடல் 1863 முதல் 1875 வரை தயாரானது. இன்று கிடைக்கும் நகல்களில் பெரும்பாலானவை வடக்கு இத்தாலியில் பிரெஷியா பக்கம், கார்தோனே ஊரைச் சுற்றிய வட்டாரத்தில் செய்யப்படுகின்றன. உபெர்த்தி, பியெத்தா, பெதர்சோலி எல்லாம் அந்த வட்டாரத்துப் பெயர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு 1961இல் வருகிறது என்ற எதிர்பார்ப்பில் 1950களின் கடைசியில் தொடங்கிய தொழில் அது. வெடிப்பைக் குழல் தாங்குகிறதா என்று பார்க்கும் கார்தோனே சோதனைச் சாலையின் முத்திரை குழலில் இருக்கும். கருமருந்து மட்டும் என்ற எச்சரிக்கையும் இருக்கும். இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தைப் போட்டால் உருளையே வெடித்துவிடலாம் என்பதால் அந்த எச்சரிக்கையை அப்படியே பின்பற்ற வேண்டும்.

இரண்டில் எது நல்லது என்று மகனும் கேட்டான். கோல்ட் கைக்கு வாகு, தூக்கிப் பிடித்ததும் தானாகவே குறி பார்க்கும். ஆனால் மேலே பாலம் இல்லாத திறந்த சட்டம் (ஃபிரேம்). மருந்துக்குத் தீ கொடுக்கும் சின்ன உலோகக் குப்பிதான் கேப்பு, அதை அடிக்கும் சுத்தியல்தான் குதிரை. வெடித்த கேப்பின் துணுக்கு குதிரையின் இடுக்கில் விழுந்தால் அடுத்த குண்டு நின்றுபோகும். குதிரையை இழுக்கும்போது குழலை வானத்தைப் பார்க்கத் தூக்கினால் துணுக்கு வெளியே விழும், அதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ரெமிங்டனுக்கு மேல்சட்டம் உண்டு, உறுதி அதிகம். உருளை சுற்றும் அச்சை முன்னே இழுத்தால் உருளை கையில் வந்துவிடும். அதன் தொல்லை வேறு: அச்சில் பசை (மெழுகும் கொழுப்பும் சேர்த்த மசகு) தேங்க இடம் குறைவு, சில சுற்று சுட்டதுமே கரி ஏறி உருளை இறுகிவிடும். கோல்ட்டின் அச்சில் பள்ளங்கள் வெட்டியிருப்பதால் பசை நிற்கும், அதனால் அது நீண்ட நேரம் சுற்றும். முதன்முறை வாங்குபவருக்கு நான் ரெமிங்டனைத்தான் சொல்வேன். இரும்புச் சட்டமாகப் பார்த்து வாங்குங்கள். பித்தளைச் சட்டம் பார்க்க அழகு, விலையும் குறைவு. ஆனால் மருந்தைக் கூட்டிப் போட்டுச் சுட்டுக்கொண்டே இருந்தால் பித்தளை இளகி நீண்டுவிடும், உருளைக்கும் குழலுக்கும் இடைவெளி விழும். தவிர, ரெமிங்டன் கம்பெனி அந்த மாடலைப் பித்தளைச் சட்டத்தில் செய்ததே இல்லை.

மருந்து கெட்டிப்பதைப் பற்றி நிறையப் பேசலாம். உயிர் போகும் விஷயங்களை மட்டும் சொல்கிறேன். குடுவையிலிருந்து நேரே உருளைக்குள் மருந்தைக் கொட்டக் கூடாது. உள்ளே ஒரு பொறி மிச்சம் இருந்தால் குடுவையே கையில் வெடிக்கும். சின்னக் குழாயில் அளந்து, ஒவ்வொன்றாகப் போட வேண்டும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்றிடம் விடக் கூடாது. குறிக்குச் சுடுபவர்கள் மருந்தைக் குறைத்துப் போடுவதால் அந்த இடத்தை நிரப்ப அங்கே எல்லோரும் கோதுமை ரவையைத்தான் பயன்படுத்துகிறார்கள். நம் வீட்டு உப்புமா ரவைதான், முதலில் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். குண்டு சுத்தமான ஈயத்தில் இருக்க வேண்டும், .44க்கு .454 அங்குலம். அறையின் வாயை விடக் கொஞ்சம் பெரிது என்பதால் அழுத்தும்போது மெல்லிய ஈய வளையம் ஒன்று வெட்டி விழும். அது விழுந்தால் குண்டு இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். வளையம் விழாத குண்டு தளர்வானது, பக்கத்து அறையின் தீ அதன் வழியாக உள்ளே புகலாம். உருளையின் பின்னால் கேப்பை மாட்டும் துளையுள்ள முளைதான் நிப்பிள். அதில் தளர்வாக உட்கார்ந்த கேப்பு வழியாகப் பின்பக்கத்திலிருந்தும் தீ பரவலாம். இரண்டையும் அடைக்க வேண்டும்: குண்டுக்குக் கீழே பசை தோய்த்த கம்பளி வட்டு அல்லது மேலே பசை, பின்னால் சரியான அளவு கேப்பு. வெறும் கேப்பை விரலால் நசுக்கிக் கோணலாக்கி மாட்டுவதை நான் ஏற்பதில்லை. நிப்பிளுக்குப் பொருந்தும் கேப்பை வாங்குங்கள், அல்லது கேப்புக்குப் பொருந்தும் நிப்பிளை மாற்றுங்கள்.

போட்டிக்குப் போக ஆசைப்படுபவர்களுக்கு 'மரியேத்' என்ற பிரிவு இருக்கிறது. 25 மீட்டர் தூரம், ஒரு கை, 30 நிமிடத்தில் 13 குண்டு, அதில் சிறந்த பத்து கணக்கில் வரும். நிதானக்காரர்களின் ஆட்டம் அது.

இனி நான் சொல்ல வந்த விஷயம், சுத்தம் செய்வது.

கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் ஆவியாவதில்லை, திடப்பொருளாக மிஞ்சுகிறது. வெள்ளைப் புகையாகத் தெரிவதும் குழலில் கரியாக ஒட்டுவதும் அதுதான். பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடு என்று எல்லாமே உப்பு வகை. காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். உப்பு தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. இதைப் புரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும். துப்பாக்கிக்குத் தண்ணீர் ஆகாது என்று சொல்லி, சுட்டதும் எண்ணெயை ஊற்றித் துடைத்து உள்ளே வைப்பவர்கள் உப்பை எண்ணெய்க்குள் பத்திரமாக மூடி வைக்கிறார்கள். அதிலும் பெட்ரோலிய எண்ணெய் அந்தக் கரியோடு சேர்ந்தால் தார் மாதிரிக் கட்டிக்கொள்ளும். அடுத்த மாதம் திறந்தால் அறைகளில் குழி விழுந்திருக்கும்.

அதனால் சுட்ட அன்றே தண்ணீர். மறுநாள் வரை விடாதீர்கள், சார்செல் குளிரிலும் விடக் கூடாது. மரப்பிடியைக் கழற்றிவிட்டு, உருளை, குழல், சட்டம் எல்லாவற்றையும் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரும் கொஞ்சம் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் சேர்த்துக் கழுவுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் சீக்கிரம் காயும் என்பார்கள். காயும்தான், ஆனால் காய்கிற அந்த நிமிடத்திலேயே மெல்லிய செந்துரு படரும். வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு நல்ல தண்ணீரில் அலசல், பிறகு துணி, பிறகு காற்று. நிப்பிள்களை ஒவ்வொரு முறையும் அதற்குரிய சாவியால் கழற்ற வேண்டும். மரைக்குள் தங்கிய உப்பு நிப்பிளை உருளையோடு ஒட்டவைத்துவிடும். திரும்ப மாட்டும்போது மரையில் துளி செம்பு கிரீஸ். கம்பெனிக்குக் கம்பெனி மரை மாறும், ஒன்றின் நிப்பிளை இன்னொன்றில் திணிக்காதீர்கள்.

சட்டத்துக்குள் இருக்கும் விசைப் பகுதியையும் மறக்காதீர்கள். கரி அங்கேயும் இறங்கும். திருகுகளின் பள்ளத்துக்கு அச்சாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். சைக்கிள் கடை டிரைவரைக் கொண்டு திறந்தால் திருகின் தலை சிதைந்து ரிவால்வர் விகாரமாகிவிடும். உருளையைச் சுழற்றும் கையின் தகட்டு வில் இந்த நகல்களில் அடிக்கடி ஒடியும். ஒரு வில் கூடுதலாக வாங்கிப் பெட்டியில் போட்டுவையுங்கள்.

பசையை மகன் இப்போதும் என் கணக்கில்தான் காய்ச்சுகிறான்: தேன்மெழுகும் ஆட்டுக் கொழுப்பும், இளக்கத்துக்குக் கொஞ்சம் ஆலிவ் எண்ணெய். கோடையில் மெழுகைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் உருகி மருந்தை நனைத்துவிடும்.

இதெல்லாம் பிரான்சில் கற்றது. ஆனால் இதன் அருமை முழுதாக விளங்கியது கடலூர் மாவட்டத்தில், என் மச்சான் வீட்டில். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பும் பலாவும் வைத்திருக்கிறார். அவர் அப்பா காலத்திலிருந்து பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் பெற்ற, முன்வாயில் மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று வீட்டில் உண்டு. அதைச் சுட்டு எதையும் கொல்வதில்லை, கொல்ல அனுமதியும் இல்லை. பன்றி இறங்கினால் வெறும் மருந்து வெடிச்சத்தம், அவ்வளவுதான். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மச்சான் வீட்டு ஓடும் பறந்தது. அலமாரிக்குள் இருந்த துப்பாக்கி நாள்கணக்கில் நனைந்து கிடந்தது. மரக்கட்டை உப்பிக் குழலை இறுக்கிவிட்டது. அவசரப்பட்டு வெயிலில் வைத்திருந்தால் கட்டை பிளந்திருக்கும். நிழலில் பல நாள் காயவிட்ட பிறகுதான் குழல் தானாகக் கழன்றது. குழலில் மேல்துரு மட்டும், குழி விழவில்லை. அவர் அப்பா சுட்டால் அன்றே கழுவிவைக்கும் மனிதர்.

மச்சானுக்கு ஒரு சந்தேகம் நெடுநாளாக இருந்தது. "நீங்க சொன்ன மாதிரிதான் மாமா கழுவுறேன். அப்புறமும் ஒரு வாரத்துல செவசெவன்னு துரு வருதே?" கழுவியது வீட்டு போர் தண்ணீரில். அந்தத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளை படியும், வாயில் வைத்தால் கரிக்கும். கடலூர், புதுச்சேரிக் கரையோரம் பல இடங்களில் நிலத்தடி நீர் இப்படி ஆகிவிட்டது. உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரையே ஊற்றினால் என்ன ஆகும்? மருந்தின் உப்பு போய் அதைவிட மோசமான சோடியம் குளோரைடு உட்காரும். முதல் கழுவலுக்கு எந்தத் தண்ணீரானாலும் சரி. கடைசி அலசல் மட்டும் மழைத் தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ இருக்கட்டும் என்றேன். துரு நின்றுவிட்டது. பழைய வகைக் கேப்புகளில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும், அது வெடித்தாலும் மிஞ்சுவது குளோரைடுதான். அதனால் மருந்தே போடாமல் கேப்பு மட்டும் வெடித்திருந்தாலும் கழுவ வேண்டும்.

எண்ணெயில் நம்மூரில் இருக்கும் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். நல்லெண்ணெய் தடவுவார்கள். காய்ந்தால் அது பிசினாகும், விசை ஒட்டும். தேங்காய் எண்ணெய் பரவாயில்லை, ஆனால் மழைக்காலம் முழுதும் தாங்காது. குழல் நன்றாகக் கழுவிக் காய்ந்து உப்பு சுத்தமாகப் போன பிறகு நல்ல துப்பாக்கி எண்ணெயோ மெல்லிய கிரீஸோ தடவலாம், அப்போது பெட்ரோலியம் என்றாலும் பாதகமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை வெள்ளைத் துணியைக் குழலுக்குள் விட்டுப் பாருங்கள். துணியில் பழுப்பு ஏறினால் மறுபடி தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். தோல் உறைக்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடிக்கும், பதனிட்ட உப்பும் அதிலேயே இருக்கும். மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாக, கையால் சூடேறத் தேய்த்து.

பழுது வந்தால் லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் ஆயுதச் சட்டத்தில் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாத பட்டறைக்காரர் நல்லெண்ணத்தில் ஒரு வெல்டிங் வைத்தாலும் அவரும் நீங்களும் சேர்ந்தே மாட்டிக்கொள்வீர்கள். சூடேற்றிய குழலின் வலிமை என்ன ஆனது என்று வெளியிலிருந்து தெரியாது, அது இன்னும் பெரிய ஆபத்து.

காகித விஷயத்தில் மச்சான் போன்றவர்கள் அறிய வேண்டியவை இரண்டு. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஐந்து ஆண்டுக்குச் செல்லும், ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. அப்பா பெயரில் உள்ள துப்பாக்கியை அவர் காலத்துக்குப் பிறகுதான் மாற்ற முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமதாரருக்கு எழுபது வயது ஆனாலோ, துப்பாக்கி அவரிடம் 25 ஆண்டு இருந்தாலோ, வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்டு அப்போதே விண்ணப்பிக்கலாம். அப்பா இருக்கும்போதே செய்துவிட்டால் பின்னால் வாரிசுச் சான்றிதழும் கையுமாக அலைய வேண்டாம்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் மூட்டையாக அங்கே இருக்கும். அங்கே யாரும் எண்ணெய் போட மாட்டார்கள், அது அவர்கள் வேலையும் இல்லை. ஒப்படைப்பதற்கு முந்தின நாளே முழுதாகக் கழுவி, காயவைத்து, உள்ளும் புறமும் கிரீஸ் தடவி, மெழுகுத் தாளில் சுற்றிக் கொடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் உள்ளேயே வியர்க்கும். எண்ணும் நிலையும் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, ரசீதில் எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள்.

கொடுக்கும்முன் குழலில் மருந்து கெட்டித்த நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மருந்து கெட்டிக்கும் கம்பியைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாயருகே நகத்தால் அடையாளம் வைத்து, வெளியே எடுத்துக் குழலின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். கம்பியின் நுனி நிப்பிள் வரை வர வேண்டும். நாலு விரற்கடை முன்னாலேயே நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது. தாத்தா காலத்தில் கெட்டித்து மாட்டிவைத்த துப்பாக்கிகளில் அப்படிக் கண்டிருக்கிறார்கள், எத்தனை வருடம் ஆனாலும் காய்ந்த கருமருந்து வெடிக்கும். அப்படித் தெரிந்தால் குதிரையைத் தொடாதீர்கள். கேப்பு மாட்டியிருந்தால் குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி வைத்துவிட்டு உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரரை அழையுங்கள். கேப்பு இல்லையென்றால் குழல் நிறையத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு அவரிடம் கொண்டுபோங்கள், குண்டை அவர் எடுத்துக்கொள்வார். திரும்ப வாங்கிவரும் அன்றும் முதல் வேலையாகக் கம்பியை விட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கிரீஸைத் துடையுங்கள்.